பின்வருவோர்க்குப் பட்ட கடன்

பூமியின் வெப்பம் ஏறிவருவது குறித்து நம் வீட்டு இளம்பிள்ளைகள் படும் மனக்கலக்கத்தை இங்கே சிறிது சிந்திப்போம்.

இக்கலக்கம் பிள்ளை விளையாட்டன்று. 2021ஆம் ஆண்டு பாரதம் உள்ளிட்ட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுடைய 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. நூற்றுக்கு 59 பேர் மிகுந்த கவலையுற்றிருப்பதாகக் கூறினர். 75 பேர் வருங்காலம் அச்சமூட்டுகிறது என்றனர். அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய உலக மாநாட்டில், நமக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையின் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பேசினார். இஸ்திரி வண்டிகளில் கரி எரிவதைக் கண்டு, சூரிய ஒளியால் இயங்கும் வண்டியை வடிவமைத்தவர் அவர். தலைவர்களின் வெற்று வாக்குறுதிகளால் தம் தலைமுறை சினமுற்றிருப்பதாகவும், ஆயினும் தமக்குச் சினங்கொள்ள நேரமில்லை, செயலாற்றவே விருப்பம் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

இதற்குப் பெரியோராகிய நாம் தரும் விடை யாது? “கலியின் கோலம், எல்லாம் அவன் செயல்” என்கிறோம். இது பக்தியின் சொல்லா, சோம்பலின் சொல்லா? சரணாகதியின் அங்கங்களுள் முதலிரண்டு, எம்பெருமானுக்கு உகந்ததைச் செய்வோம் என்னும் உறுதியும், உகவாததை விலக்குதலும் ஆகும். சேதனமும் அசேதனமும் அவனுக்குத் திருமேனி என்பது ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய சித்தாந்தம். அத்திருமேனியைப் புகையால் மூடிவிட்டு, அவன்மீதே பாரத்தைச் சுமத்துதல் சரணாகதி ஆகாது.

மேலும் ஒன்று. மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது வேதம். ரிஷிகளுக்குப் பட்ட கடன் பிரம்மசரியத்தாலும், தேவர்களுக்குப் பட்டது வேள்வியாலும், பித்ருக்களுக்குப் பட்டது மக்கட்பேற்றாலும் தீரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பித்ரு கடனுக்கு உரியவர் முன்னோர். அதைச் செலுத்தும் இடமோ பின்வருவோர். மக்களைப் பெற்றுவிட்டு, அவர்கள் வாழ வகையில்லாத பூமியைக் கையளித்தால் அக்கடன் தீர்ந்ததாகுமா? நாம் எரித்த நிலக்கரியாலும் பெட்ரோலாலும் எழும் கரியமிலவாயு நம் ஆயுளோடு மறைவதில்லை. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானில் தங்கும். வசதியை நுகர்ந்தவர் ஒருவர், வட்டி கட்டுபவர் வேறொருவர். பிள்ளைகளின் சினத்துக்கு அடிப்படை இந்த அநீதியே.

நம் நல்லம்பள்ளி வட்டாரத்தார்க்கு இது எளிதில் விளங்கும். ராகியும் சாமையும் விளையும் நம் மானாவாரிக் காடுகள் வானத்தையே நம்பியவை. பருவம் தவறினால் ஏரியும் கிணறும் வறள்வதை நாம் அறிவோம். அந்த வானமே நிலைதடுமாறும் காலத்தில் உழப்போகிறவர்கள் இன்று பள்ளியில் பயில்பவர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கீதையின் முதல் அத்தியாயம் அர்ஜுனனின் துயரம். கண்ணன் அவனைக் கடிந்துகொண்டான், ஆனால் புறக்கணிக்கவில்லை. எஞ்சிய 17 அத்தியாயங்களும் அத்துயருக்குக் கிடைத்த விடையே. ஆகவே கலங்குதல் இழுக்கன்று. கலங்கியபடியே வில்லை நழுவவிட்டு அமர்ந்திருத்தலே தகாது. அர்ஜுனன் இறுதியில் எழுந்து நின்றான், நீங்களும் எழுக.

பெரியோரோ, பிள்ளைகள் கேட்கும்போது நகையாமல் செவிகொடுத்தல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சியன்றி, தர்மம் கருதியே இத்திருவிழாவில் பிரசாதத்தைத் தொன்னையில் பெறுவோம், துணிப்பையோடு வருவோம், கூடி ஒரே வண்டியில் ஊர் திரும்புவோம். இவற்றால் மட்டும் உலகம் குளிர்ந்துவிடாது. ஆயினும் நம் கடனை நாம் மறக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள். தம் பெரியோர்மீது அவர்கள் இழந்துவரும் நம்பிக்கையை மீட்க வேறு வழியில்லை.

அந்நன்மதியை நம் அனைவர்க்கும் எம்பெருமான் அருள்வானாக!