பொதுக் காடும் விருந்தினர் அறமும்

வெள்ளிக்கிழமை நடுச்சாமம் கடந்த வேளையில் கிருலப்பனைச் சந்தியில் ஒரு வான் வந்து நிற்கின்றது. வாடகைக்கு அமர்த்தப்பெற்ற அவ்வண்டியில் கூடாரம், சிறிய அடுப்பு, பாண், சம்பல், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு பத்து இளைஞர் ஏறிக்கொள்கின்றனர். ஹோர்ட்டன் சமவெளியின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். மூடுபனி மேலெழுமுன் 'உலக முடிவு' எனப்படும் மலைவிளிம்பை அடைய வேண்டுமாயின் நள்ளிரவிலேயே தலைநகரைவிட்டுப் புறப்பட்டாதல் வேண்டும். வார இறுதிதோறும் நிகழும் இவ்வெளிய காட்சியினுள் ஓர் அறவியல் வினா மறைந்து கிடக்கின்றது. பொதுக் காட்டின்மீது இவ்விளைஞர்க்குள்ள உரிமை யாது? அவ்வுரிமையின் எல்லை யாது?

கிருலப்பனையின் வாழ்நிலையை அறிந்தோர் இப்பயணத்தை வெறுங் கேளிக்கையென ஒதுக்கிவிடார். ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ் வண்டிகளின் இரைச்சல் விடியுமுன் தொடங்கி இரவு நெடுநேரம்வரை ஓய்வதில்லை. கால்வாயை அண்டிய தோட்டங்களிலே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அண்ணாந்து பார்ப்பவனுக்கு மின்கம்பிகளுக்கு இடைப்பட்ட ஆகாயமே கிட்டுகின்றது. கடையிலும் கந்தோரிலும் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாளில் ஒரு மலையையும் ஒரு நீரோடையையும் நாடுவது இயல்பேயாம். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 24ஆம் உறுப்புரையிலே ஓய்வையும் பொழுதுபோக்கையும் மனித உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. உழைப்பவனுக்கு ஓய்வு கருணையால் ஈயப்படும் பொருளன்று. எனவே, காட்டிலே இன்புறும் விருப்பத்தைக் குற்றமெனக் கொண்டு இவ்வாராய்ச்சியைத் தொடங்குதல் தகாது.

எனினும், 'பொதுக் காடு' என்னும் தொடர் தோன்றிய வரலாறு மறத்தற்குரியதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உரித்து நாட்டப்படாத காடுகளும் தரிசு நிலங்களும் அரசுக்கே உரியன என்று ஊகித்தது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் மருந்து மூலிகையும் எடுத்து வந்த நிலத்துக்கு உறுதி எழுதி வைத்திருக்கவில்லை. ஆதலின் அந்நிலம் முடியின் கைக்குச் சென்றது. பெரும்பகுதி கோப்பித் தோட்டமாகவும் பின்னர்த் தேயிலைத் தோட்டமாகவும் மாறிற்று. 1873இல் தாவரவியலாளர் யோசப் ஹூக்கரின் அறிவுரையை ஏற்று, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக் காடுகளை அழித்தல் தடுக்கப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி இன்று எஞ்சி நிற்பதற்கு இத்தடையும் ஒரு காரணமாகும். அக்காலத்திற் காட்டில் இன்புறுதல் என்பது பெரும்பாலும் வேட்டையாடுதலாகவே இருந்தது. அம்மலைகளிலே மரைகளைத் துரத்தி வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயரைச் சமவெளியின் அருவி ஒன்று இன்றும் தாங்கி நிற்கின்றது. யால பிரதேசத்தின் ஒரு பகுதியும், 1938இல் தேசிய பூங்கா உருவாவதற்கு முன்னர், வேட்டைப் பிரியருக்கென ஒதுக்கப்பட்டிருந்ததேயாம். ஆகவே 'பொது' என்னும் சொல் தூய்மையாகப் பிறந்த சொல்லன்று. அதன் அடியிலே ஒரு கடன் கிடக்கின்றது.

அக்கடன் சுதந்திரத்தின் பின்னரும் தீர்ந்தபாடில்லை. 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தம்பனை வேடர் தம் முன்னோர் வேட்டையாடிய நிலத்திலே வேட்டையாடுவது சட்டவிரோதமாயிற்று. காலங்காலமாகத் தேனெடுத்த காட்டினுள் அவர்கள் அனுமதியின்றி நுழைவோர் எனக் கருதப்பட்டனர். நக்கிள்ஸ் மலைத்தொடரில் மரநிழலின் கீழ் நெடுங்காலம் நிகழ்ந்துவந்த ஏலச் செய்கை 1980களில் தடைசெய்யப்பட்டது. அடிநிலைச் செடிகளை வெட்டி ஏலம் நடுதல் காட்டின் புத்துயிர்ப்பைக் கெடுத்தது என்பதும், ஏலத்தை உலர்த்த விறகு தேவைப்பட்டது என்பதும் உண்மையே. ஆயினும் பிழைப்புக்காக வந்தவனை வெளியே நிறுத்திய அதே மலை, பொழுதுபோக்குக்காக வருபவனுக்குச் சீட்டுக் கொடுத்து வழிவிடுகின்றது. முன்னவனின் கத்தி காட்டுக்குத் தீங்கு என்றால், பின்னவன் இட்டுச் செல்லும் பொலித்தீனும் அணையாது விட்டுச் செல்லும் நெருப்பும் தீங்கல்லவோ? ஒரே நிலத்தில் இருவகை நீதி நிலவுமாயின், 'பொது' என்னும் சொல் வலியோரின் பொது என்றே பொருள்படும்.

இவ்விடத்து இரு தரப்பினரின் வாதங்கள் எதிரெதிராக எழுகின்றன. காட்டை முற்றாக அடைத்துவிடுக. ஆராய்ச்சியாளரன்றி வேறெவரும் நுழைதலாகாது என்பது ஒரு தரப்பு. காடு மக்களுடையது, மக்கள் விரும்பியவாறு செல்லட்டும் என்பது மறுதரப்பு. முதலாம் தரப்பினர் ஓருண்மையை மறந்துவிடுகின்றனர். தான் காணாத ஒன்றின்மீது மனிதன் அன்பு கொள்வதரிது. அன்பு கொள்ளாத ஒன்றைக் காக்க அவன் எழுவதும் அரிது. இரண்டாம் தரப்பினரோ கூட்டத்தின் கணக்கை மறந்துவிடுகின்றனர். ஒருவன் ஒற்றையடிப் பாதையைவிட்டு ஓரடி விலகி நடந்தால் புல் மீண்டும் நிமிரும். ஆயிரவர் அதே ஓரடியை விலகி நடப்பின் புல் மாயும், மண் வெளிப்படும், மழைநீர் அதனைக் கழுவிச் செல்லும். தனித்தனியே நோக்குமிடத்துக் குற்றமற்ற செயல்கள் கூடி ஒரு குற்றமாகின்றன. குற்றவாளி இன்னாரெனச் சுட்ட இயலாத இக்குற்றமே பொதுப்பொருளுக்கு நேரும் பெருங்கேடாகும்.

அமெரிக்க அறிஞர் காரெற் ஹார்டின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே தேசிய பூங்காக்களையே ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். எல்லையின்றித் திறந்துவிடப்பட்ட பூங்கா, எவரும் தேடி வந்த சிறப்பையே இழந்துவிடும் என்பது அவர் கருத்து. அனுமதியைச் செல்வத்தால் பங்கிடலாம், தகுதியால் பங்கிடலாம், சீட்டுக் குலுக்கிப் பங்கிடலாம், முந்தி வந்தோர்க்கு வழங்கலாம் என அவர் வழிகளை வகுத்தார். இவற்றுள் செல்வத்தாற் பங்கிடுதல் மிக எளிது. மிக அநீதியானதும் அதுவே. கட்டணம் உயருமாயின் காடு அமைதியடையும். ஆனால் அவ்வமைதியின் விலையைச் செலுத்துபவன் கிருலப்பனைத் தோட்டத்து இளைஞனாவான். சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக் காட்டும் குடவோலை முறையை அறிந்த சமுதாயத்துக்குச் சீட்டுக் குலுக்கல் புதியதொன்றன்று. முறைவைத்து, எண்ணிக்கை வரையறுத்து, ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே குடத்தில் ஓலையிடுதல் பொதுப்பொருளின் இயல்புக்கு ஒத்த வழியாகும்.

எனினும் எண்ணிக்கையை வரையறுப்பதனால் மட்டும் நடத்தை சீர்ப்படாது. ஒருவன் தன்னை யாரெனக் கருதிக்கொண்டு காட்டினுள் நுழைகின்றான் என்பதே அடிப்படை வினா. சீட்டு வாங்கியவன் பெரும்பாலும் தன்னை வாடிக்கையாளனாகக் கருதுகின்றான். காசு கொடுத்தமையால் காட்சி தனக்குக் கடமைப்பட்டுள்ளது என எண்ணுகின்றான். மூடுபனி கவிந்துவிட்டால் ஏமாற்றப்பட்டதாகச் சினக்கின்றான். வேறு சிலர் தம்மை உடைமையாளராகக் கருதுகின்றனர். இவ்விரண்டினின்றும் வேறான மூன்றாவது நிலை ஒன்றுண்டு. அது விருந்தினன் என்னும் நிலை.

தமிழர் விருந்தோம்பலைத் தலையாய அறமாகப் போற்றினர். திருக்குறளிலே விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினனின் கடமைக்கெனத் தனி அதிகாரம் இல்லை. ஓம்புவோனின் கடமையைப் பேசிய அளவுக்கு ஓம்பப்படுவோனின் கடமையை மரபு விரித்துப் பேசவில்லை எனலாம். ஆயினும் வழக்கில் அது தெளிவாகவே உள்ளது. நல்ல விருந்தினன் வீட்டாரின் வேளையறிந்து வருவான். காட்டப்பட்ட இடத்தில் அமர்வான். உள்ளறையைத் திறந்து பாரான். உறங்கும் குழந்தையைக் கண்டால் குரலைத் தாழ்த்துவான். வரவேற்பு வற்றுமுன் விடைபெறுவான். இவற்றை அப்படியே காட்டுக்குப் பொருத்திப் பார்த்தல் கடினமன்று. குறித்த பாதையும் குறித்த கூடாரத் தளமும் காட்டப்பட்ட இருக்கையாம். குறித்த பாதைக்கு அப்பாலுள்ள அடர்வனம் உள்ளறையாம். இரவில் ஒலிபெருக்கியை முழக்குதல் உறங்கும் வீட்டிலே பறையறைதலாம். வண்டித் தரிப்பிடத்தில் மனிதர் இடும் தீனுக்குப் பழகிக் காத்து நிற்கும் மரைகள், விருந்தினர் கெடுத்த வீட்டுப் பிள்ளைகளாம். ஹோர்ட்டன் சமவெளியின் வாயிலிலே பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றிவிடும் ஊழியரைக் கண்டு முகஞ்சுளிப்போர், வாசலிலே செருப்பைக் கழற்றும் பழக்கத்தை ஒருகணம் நினைந்து பார்த்தல் நன்று.

காட்டினுள் விருந்தினராகச் செல்லும் மரபு ஈழத்துத் தமிழர்க்குப் புதியதன்று. ஆண்டுதோறும் கதிர்காம உற்சவத்தை முன்னிட்டு அடியார்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாகப் புறப்படுகின்றனர். உகந்தை முருகன் ஆலயத்தில் ஒன்றுகூடி, காட்டுவழி திறக்கும் நாள்வரை காத்திருந்து, குமண, யால வனங்களினூடே பல நாள் நடந்து கதிர்காமத்தை அடைகின்றனர். ஆற்றங்கரைகளே அவர்தம் தங்குமிடம், மரநிழலே கூடாரம். யானைக்கும் கரடிக்கும் உரிய நிலத்திலே தாம் வழிப்போக்கர் என்னும் உணர்வு அவர்தம் அச்சத்திலும் பக்தியிலும் ஒருங்கே கலந்துள்ளது. ஆயினும் இம்மரபையும் குறையற்றதெனப் புகழ்தல் உண்மைக்குப் புறம்பாகும். சிலராய்ச் சென்ற காலம்போய்ப் பல்லாயிரவராய்ச் செல்லும் இக்காலத்தில், அடியார் கடந்த வழியெங்கும் போத்தல்களும் பொலித்தீனும் எஞ்சுகின்றன. பக்தி தானாகவே ஒழுக்கத்தைத் தந்துவிடாது. கூட்டம் பெருகும்போது ஒழுக்கம் விதியாக வகுக்கப்படல் வேண்டும். அவ்விதியை வகுப்பதில் நடப்போரும் பங்கேற்றல் வேண்டும். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதிசெய்து காத்துவந்த உதாரணங்கள் பலவற்றைத் தமது 1990ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரொம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றமை இங்கு நினைவுகூரத்தக்கது.

சுவீடன் நாட்டிலே எவரும் பிறர்நிலத்துக் காட்டினூடே நடக்கலாம். ஓரிரவு கூடாரமிட்டுத் தங்கலாம். குழப்பாதே, அழிக்காதே என்பதே அவ்வுரிமையோடு பிணைந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டிலோ பாடம் துயரத்தின் வழி வந்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. 2024 அக்டோபரில் அம்மாநில அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, உள்ளூர் மக்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக்கியது. சிங்கராஜ வனத்தை அடுத்த கிராமங்களிலும், முன்னர்க் கித்துள் சீவியும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் இன்று வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். வெளியேற்றப்பட்டவன் ஓம்புவோனாக மீள்வதற்கு இஃதொரு வாயிலாகும். விருந்தினன் அவனுக்குச் செலுத்தும் கூலி, பழங்கடனின் ஒரு சிறு தவணையேயன்றி முழுத் தீர்வாகாது.

இங்கு ஒரு வலுவான ஆட்சேபம் எழக்கூடும். குடிமகன் விருந்தினன் மட்டுமே எனின், உடையவர் யார்? அரசா, திணைக்களமா, அமைச்சரா? விருந்தினர் அறம் பேசிப் பேசி மக்களின் உரிமையைப் பறிகொடுத்தலாகாது அன்றோ? இவ்வாட்சேபத்துக்கு விடை சிங்கராஜ வனத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அவ்வனத்திலே இயந்திரங்கொண்டு மரந்தறிக்கத் தொடங்கியது அரசே. அதனை எதிர்த்தோர் அறிஞரும் இயற்கை ஆர்வலரும் பொதுமக்களுமாவர். 1977இல் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைத் தலமாயிற்று. அன்று மக்கள் தம்மை விருந்தினரென எண்ணி வாளாவிருந்திருப்பின் அவ்வனம் பலகையாகியிருக்கும். ஆகவே குடிமகன் இரு நிலைகளையும் ஒருங்கே தாங்கவேண்டியவன். காட்டுக்கு இடர் நேருங்கால் அவன் உடையவன். காட்டிலே இன்புறுங்கால் அவன் விருந்தினன். இவ்விரண்டையும் மாற்றிக்கொள்வதனாலேயே கேடு விளைகின்றது. இடர் வரும்போது 'நமக்கென்ன' என்று விருந்தினனாக ஒதுங்குவதும், இன்பம் வரும்போது 'நம்முடையது' என்று உடையவனாக உரிமை கொண்டாடுவதும் இன்றைய நகரமாந்தரின் பொதுக் குறைபாடாகும்.

இவ்வறத்தைப் பயில்வதற்கு நள்ளிரவில் வான் ஏறவேண்டுவதில்லை. கிருலப்பனையின் கால்வாய், கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களோடு தொடர்புற்ற நீர்வழிகளுள் ஒன்றாகும். பெருமழை நாளில் வெள்ளத்தை ஏற்றுத் தாங்குவன அவ்வீரநிலங்களே. பெத்தகான, நுகேகொட, தியசரு ஆகிய ஈரநிலப் பூங்காக்கள் அண்மையிலேயே உள்ளன. அங்கே பலகைப் பாதையில் நடந்து கொக்கையும் நீர்க்காகத்தையும் காணலாம். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும் கால்வாயிலே மிதக்கும் கழிவு அப்பெருமையை நாள்தோறும் பழித்து நிற்கின்றது. வீட்டுவாயிலின் நீரை மாசுபடுத்துபவன் மலைமுகட்டின் ஓடையைக் காப்பான் என எதிர்பார்த்தல் வீண்.

வான் புறப்படுகையில் கிருலப்பனையின் ஒரு சிறு வீட்டில் மூதாட்டி ஒருத்தி உறங்கிக் கிடக்கலாம். அவள் ஹோர்ட்டன் சமவெளியைக் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. எனினும் அச்சமவெளியில் அவளுக்கும் ஒரு பங்குண்டு. இன்னும் பிறவாத அவளுடைய கொள்ளுப்பேரனுக்கும் அதே அளவு பங்குண்டு. காட்டின் வாயிலைக் கடக்கும் இளைஞர் பதின்மரும் தம் பங்கை மட்டுமன்றி, வர இயலாதோரின் பங்கையும் தம் காலடியில் வைத்தே நடக்கின்றனர். திரும்பி வரும்போது அப்பங்கு குறைவுபடாதிருத்தல் வேண்டும். அவர்கள் சென்ற பயணம் உரிமையா அத்துமீறலா என்பதற்கு அதுவே அளவுகோல்.