சிநேகிதனுக்குப் பட்ட கடன்



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆன்மாக்களுடைய மாதம். இம்மாதத்தில் தாய் தகப்பனுக்கும் மரித்த பிள்ளைகளுக்கும் பூசை கேட்கிறோம். சிறு வயதுமுதல் கூட இருந்து மரித்த சிநேகிதனுக்காகப் பூசை கேட்பவர் சிலரே. இரத்த உறவு இல்லாததால் அவனுக்கு நாம் கடன்படவில்லையா?

எனக்கும் ஒருவன் இருந்தான். ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே நாளில் புதுநன்மை வாங்கினோம். துறைமுகம் கட்டியது முதல் வடகரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. எங்கள் சிறு பிராயத்தில் விளையாடக் கொஞ்சம் மணல் எஞ்சியிருந்தது. இன்று அவ்விடத்தில் கருங்கல் குவியலே இருக்கிறது. அந்த மணலைப் பற்றிப் பேச இப்போது எனக்குத் துணையில்லை.

ஆனால் என் நெஞ்சை அறுப்பது அதுவல்ல. மகளின் கலியாணத்துக்கு அவன் கைமாற்றுக் கேட்டபோது, பணமில்லை என்று சொன்னதோடு நில்லாமல், ஒரு கடுஞ்சொல்லும் சொன்னேன். பிறகும் கோயில் வாசலில் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மன்னிப்பை மட்டும் நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன். அந்த நாளை வருமுன் அவன் பெட்டியைத் தோளில் சுமந்தேன்.

இந்தத் துயரத்தை அர்ச். அகுஸ்தீனும் அறிந்திருந்தார். 354-ல், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்த அவருக்கு அங்கே ஒரு பால்ய சிநேகிதன். கூடப் படித்தவன், கூட விளையாடியவன். தாம் விழுந்திருந்த மனிக்கேயர் என்னும் பதித மதத்துக்கு அவனையும் இழுத்துக்கொண்டார். அவனுக்குக் கடுஞ்சுரம் கண்டது. நினைவற்றுக் கிடக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும், அவனும் சேர்ந்து சிரிப்பான் என்றெண்ணி, அகுஸ்தீன் அந்த ஞானஸ்நானத்தைப் பரிகாசம் செய்தார். அவனோ, சிநேகம் நிலைக்கவேண்டுமானால் அப்பேச்சை விடும்படி முகத்துக்கு நேரே சொன்னான். திகைத்துப்போன அகுஸ்தீன், உடம்பு தேறட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சில நாளில் சுரம் திரும்பிற்று. அவர் அருகில் இல்லாத வேளையில் அவன் மரித்தான்.

ஊரைப் பார்க்கச் சகியாமல் அகுஸ்தீன் கார்த்தேஜ் நகருக்குப் போனார். தாம் பரிகசித்த அதே ஞானஸ்நானத்தை 387-ல் மிலான் நகரில் தாமே பெற்றார். பின்பு மேற்றிராணியாராக இருந்தபோது இதையெல்லாம் எழுதினார். அவனுடைய பெயரை எழுதவில்லை. தம் குற்றத்தை எழுதினார்.

மரித்தவனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி, கல்லறைக்குக் காது உண்டா என்று சிலர் கேட்கலாம். நம் ராயபுரத்தில் படகோட்டிகள் எழுப்பிய கோயிலின் பாதுகாவலராகிய அர்ச். இராயப்பரைப் பாருங்கள். அவரும் தம் சிநேகிதராகிய ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த சேசுநாதர் திபேரியாக் கடற்கரையில் அவரை எதிர்கொண்டார். நடந்ததைச் சொல்லிக் காட்டவில்லை. தம்மை நேசிக்கிறாயா என்று மும்முறை கேட்டார். தம் ஆடுகளை அவர் கையில் ஒப்புவித்தார். சிநேகிதனுக்குப் பட்ட கடனை அவன் விட்டுப்போனவர்களிடத்தில் செலுத்தவேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

இதை உணர எனக்கு வெகுநாள் சென்றது. ஒருநாள் அவன் வீட்டுப் படியேறி, அவன் மனைவியிடம் அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டேன். "அவர் அதைச் சொல்லி ஒரு ராத்திரி அழுதார், அண்ணா" என்றாள். அவன் மறந்திருப்பான் என்று நான் எனக்கே சொல்லிவந்த ஆறுதல் அன்றோடு போயிற்று. இளைய மகன் படிப்புக்குத் துணை தேவையாயிருந்தது. அதைச் செய்வது தர்மமல்ல, கடன்.

அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிற நமக்கு, மரணம் சிநேகத்தை அறுப்பதில்லை. ஆகையால் இம்மாதம் உங்கள் சிநேகிதனுக்காக ஒரு பூசை கேளுங்கள். அவன் பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவன் இன்னும் உயிரோடிருந்தால், ஞாயிறு பூசை முடிந்ததும் சிரித்துவிட்டுப் போய்விடாதேயுங்கள். அவனை நிறுத்தி, சொல்லவேண்டியதை அன்றைக்கே சொல்லுங்கள்.