பிழைக்கத் தெரிந்தவர்கள்

மலேசியத் தமிழர்கள் நால்வர் கூடும் இடத்தில், அது கோயில் மண்டபமாக இருந்தாலும் கல்யாண விருந்தாக இருந்தாலும், பேச்சு சற்று நீண்டால் ஓர் ஒப்பீடு வந்து சேர்ந்துவிடுகிறது. சீனரும் நம்மைப் போலக் கப்பலேறி வந்தவர்கள்தாம், வெறுங்கையோடு வந்தவர்கள்தாம். இன்று அவர்கள் எங்கே, நாம் எங்கே? கேள்வி முடியும் முன்பே விடை தயாராக இருக்கும். அவர்கள் சேமித்தார்கள், நாம் குடித்தோம். அவர்கள் கடை திறந்தார்கள், நாம் வேலை தேடினோம். அவர்களிடம் ஒற்றுமை உண்டு, நம்மிடம் சங்கங்கள் உண்டு. இதைச் சொல்பவர் பெரும்பாலும் சொந்த வீடும் மருத்துவம் படிக்கும் மகளும் உடையவராக இருப்பார். அவர் "நாம்" என்று சொன்னாலும், அந்த "நாமில்" தன்னைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். பெரும்பாலும் அவர்களும் சேர்ந்துகொள்வதில்லை.

ஒப்பீடு முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. 1970-இல், நாட்டின் நிறுவனப் பங்குகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் அந்நியர் கையில் இருந்தபோது, சீனரிடம் ஏறத்தாழ 27 விழுக்காடும் இந்தியரிடம் ஏறத்தாழ ஒரு விழுக்காடும் இருந்தன. அதே ஆண்டு தீபகற்ப மலேசியாவில் இந்தியக் குடும்பங்களில் 39 விழுக்காடும் சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2022-இல், சீனக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 8,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்க, இந்தியக் குடும்பத்தினுடையது 6,600-ஐ ஒட்டி நின்றது. இடைவெளி உண்மை. ஆனால் ஓர் இடைவெளியைக் கண்டதும் அதற்கு இரத்தத்திலும் குணத்திலும் காரணம் தேடுவது நம் காலத்துப் பழக்கம் மட்டுமில்லை. இரு சமூகத்தையும் வேலைவாங்கிய வெள்ளைத் துரைமார்கள் நமக்கு முன்பே அதைச் செய்து, தமிழன் அடங்கிப்போவான், சீனன் கேள்வி கேட்பான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நாம் அந்தக் குறிப்பேட்டைத்தான் இன்னும் சொந்தக் கண்டுபிடிப்பைப் போல வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

வெறுங்கையோடு வந்தார்கள் என்பதில் தொடங்கலாம். தென்சீனத்து ஏழை விவசாயி கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று வந்தான். அந்தக் கடன் தீரும்வரை அவனுடைய உழைப்பு கடன் கொடுத்தவனுக்குச் சொந்தம். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து வந்தவன் முதலில் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட சஞ்சிக்கூலியாகவும், 1910-இல் அந்த முறை முடிவுக்கு வந்தபின் கங்காணி அழைத்துவந்த ஆளாகவும் வந்தான். லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயம் தோண்டிய சீனர்கள் காய்ச்சலிலும் கோஷ்டிச் சண்டைகளிலும் மாண்டார்கள். காடழித்து ரப்பர் நட்ட தமிழர்கள் மலேரியாவில் மாண்டார்கள். குடிக்கு அடிமைப்பட்ட தமிழனைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அபினுக்கு அடிமைப்பட்ட சீனக் கூலி நம் ஒப்பீட்டில் வருவதேயில்லை. அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வந்த பணம் அக்கால அரசாங்க வருமானத்தின் பெரும் தூண்களில் ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அரசு அனுமதி பெற்றுத்தான் நடந்தது. இரு தரப்பு உழைப்பாளிகளின் கூலியும் மாலையில் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதில் நிர்வாகம் பாரபட்சம் காட்டவில்லை.

வேறுபாடு வந்த விதத்தில் இல்லை. வந்து சேர்ந்த இடத்தில் யார் முதலாளி என்பதில் இருந்தது. ஆங்கிலேயரின் பெருமுதலீடும் தூர்வாரிக் கப்பல்களும் வருமுன்னரே ஈயச் சுரங்கத் தொழில் சீன முதலாளிகளின் கையில் இருந்தது. கூலிக்கு மேலே மேஸ்திரி, அவனுக்கு மேலே கடைக்காரன், அவனுக்கும் மேலே தவுக்கே எனப்படும் முதலாளி என்று ஏணியின் எல்லாப் படிகளிலும் ஒரே மொழி பேசுபவர்கள் நின்றார்கள். 1854-இல் வறிய இளைஞனாக வந்திறங்கிய யாப் ஆ லோய், கோலாலம்பூர்ச் சீனரின் தலைவரான கப்பித்தானாகச் சுரங்கங்களுக்கும் குத்தகைகளுக்கும் உடைமையாளனாகி 1885-இல் மறைந்தார். அந்தச் செல்வம் தன் இனத்தவரின் வியர்வையிலும் அபின் புகையிலும் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. ஏறியவர்கள் சிலர்; ஏற முயன்று மண்ணோடு போனவர்கள் பல்லாயிரம். ஆனாலும் ஏணி என்ற ஒன்று கண்ணெதிரே இருந்தது, அதில் ஏறியவனின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கணக்கு கற்றுக்கொள்ள ஒரு சிறுவனால் முடிந்தது.

ரப்பர் தோட்டத்தில் ஏணி இல்லை. பெருந்தோட்டங்களின் உடைமை லண்டனில் பதிவான நிறுவனங்களிடம் இருந்தது. துரை வெள்ளைக்காரர், கிராணி பெரும்பாலும் மலையாளி அல்லது யாழ்ப்பாணத்தார், அதற்குக் கீழே கங்காணி, அவனுக்குக் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயம். கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு உண்டு; ஆகவே தன் ஊரானை லயத்திலேயே வைத்திருப்பதுதான் அவன் முன்னேற்றத்துக்கு வழி. சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகிப் போகலாம். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவன், தோட்டத்து வீட்டில் குடியிருந்து, தோட்டத்துக் கடையில் பற்றுவைத்து, கணவனும் மனைவியும் பால்வெட்டி, பிள்ளைகள் கொட்டாங்குச்சிக் கிண்ணங்களைத் துடைத்து வைத்தால்தான் அரிசி என்ற நிலையில் இருந்தவன், எந்த ஊருக்குப் போவான்? சீனத் தொழிலாளி நெடுங்காலம் தனியாளாக வந்தான். கூலி சரியில்லை என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுரங்கத்துக்கு நடந்தான். தோட்டங்களில் அவன் குத்தகை வேலைக்கு வந்தபோது தமிழனைவிடப் பொதுவாக அதிகக் கூலி வாங்கியதற்கு இந்த நடமாட்டமே முக்கியக் காரணம். குடும்பமாக வந்து வேரூன்றியது நம் சமூகத்தின் பண்பு என்று மேடையில் பெருமை பேசுகிறோம். கூலி பேரம் பேச முடியாமல் நம்மைக் கட்டிப்போட்டதில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்பதை மேடையில் பேச முடியாது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஆறாம் வகுப்போடு அந்தப் பாதை முடிந்தது, அது முடிந்த இடத்தில் பால்வாளி காத்திருந்தது. சீனர்கள் தங்கள் வணிகர்களின் நன்கொடையில் பள்ளிகளை உயர்நிலைவரை நடத்தினார்கள். அவர்களுடைய சுயேச்சை உயர்நிலைப் பள்ளிகள் இன்றும் சுமார் 60 இருக்கின்றன. நம்மிடம் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு, அனைத்தும் தொடக்கப்பள்ளிகள். நன்கொடை தரும் மனம் அவர்களுக்கு இருந்தது, நமக்கில்லை என்று இதற்கும் குண விளக்கம் சொல்லிவிடலாம். நன்கொடை தருகிற அளவுக்குப் பணமுள்ளவர் எவரும் நம் லயங்களில் குடியிருக்கவில்லை என்பது அதைவிட எளிய விளக்கம்.

பணமுள்ள தமிழர்களே மலாயாவில் இல்லையா என்றால், இருந்தார்கள். நகரத்தார் அந்நாட்டில் கடன் கொடுத்த முக்கியமானவர்களில் ஒரு தரப்பு. அவர்கள் பெட்டியடியிலிருந்து போன பணத்தில் சீனரின் ஈயச் சுரங்கங்களும் கடைகளும் நடந்தன, மலாய் நிலவுடைமையாளர்களின் செலவுகளும் நடந்தன. தமிழனுக்கு வணிகம் வராது என்பவர்கள், சீன வணிகத்துக்கே தமிழன் வட்டிக்குப் பணம் கொடுத்திருந்ததை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அந்த மூலதனம் தோட்டக்காட்டுத் தமிழனைச் சந்திக்கவில்லை. ஈடு வைக்க எதுவுமில்லாதவனுக்கு எந்த மூலதனமும் எந்த மொழியிலும் கடன் கொடுப்பதில்லை. ஈட்டிய லாபத்தில் பெரும்பகுதி செட்டிநாட்டுக்குத் திரும்பிப் பெருவீடுகளாக எழுந்தது. ஆங்கிலம் படித்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்த யாழ்ப்பாணத்தார், தங்களைக் கணக்கெடுப்பில்கூடத் தோட்டத் தமிழரிலிருந்து வேறாகக் காட்டிக்கொள்வதில் அக்கறையோடு இருந்தார்கள். ஒற்றுமையின்மை என்று நாம் புலம்புவதன் பெயர் பல வேளைகளில் வர்க்கமும் சாதியும்.

பிறகு போரும் அவசரகாலமும் வந்தன. சயாம் மரண ரயில்பாதை தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களை விழுங்கியது. 1950-க்குப் பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்யூனிசக் கொரில்லாக்களுக்கு உதவக்கூடும் என்ற ஐயத்தில், காட்டோரத்திலிருந்து பிடுங்கப்பட்டு முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களில் அடைக்கப்பட்டார்கள். அது தண்டனை. ஆனால் சாலையோரத்து மனையும் பள்ளியும் கடைத்தெருவும் சேர்ந்த தண்டனை என்பதால், அந்தக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரு தலைமுறைக்குப் பின் நகரம் தானே வந்து சேர்ந்தது. அரசுக்கு எதிராகப் போகக்கூடியவன் என்று அஞ்சப்பட்டவனுக்கு மனை கிடைத்தது. அடங்கிப்போகிறவன் என்று பாராட்டப்பட்டவன் தோட்டத்து மண்ணிலேயே இருந்தான். 1969 இனக் கலவரத்தை ஒட்டிய ஆண்டுகளில், குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுத் திரும்பினார்கள். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி என்ற தோட்ட நிறுவனத்தின் உடைமை மலேசியாவுக்கு மாறியது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய காலை; லயத்துக்கு அது ஆளெண்ணும் வழக்கமான பெரட்டுக் காலை. பின்னர் தோட்டங்கள் நகரங்களாயின. சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டத்து மண்ணில் எழுந்தது. மூன்று தலைமுறை உழைத்தவர்கள் அங்கே மனைக்கு உரியவர்களாக எண்ணப்படாமல், வேலையோடு வீட்டையும் இழந்து புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள்.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற தீர்ப்புக்கும் சாட்சியம் வேறாக இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கள்ளுக்கடையில் கூலியைத் தொலைப்பவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்தாம் அதை வாங்கினார்கள். 1982-இல் இந்தியருக்கான முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோதும் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொட்டினார்கள். அதில் கடன் வாங்கிய பணமும் அடகு வைத்த நகையும் இருந்தன. 2010-இல் அந்தப் பங்குகள் ஒன்று 80 சென் என்று வாங்கிக்கொள்ளப்பட்டன. முதல் சங்கம் இன்றும் இருக்கிறது. எளியவர்களின் சிக்கனத்தில் இரண்டு முறையும் குறையில்லை. அதைக் கையில் வாங்கியவர்களிடத்தில்தான் வேறுபாடு. வரலாற்றின் மேல் பழி போடுவது நியாயமே என்றாலும், மைக்காவை வெள்ளைத் துரைகள் நடத்தவில்லை.

சராசரிகளும் தம் பங்குக்கு மறைக்கின்றன. 2022-இல் இந்தியரின் இடைநிலை வருமானம் மலாய்க்காரர் முதலான பூமிபுத்திரர்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே தனிக் கவலைக்கு இடமில்லை என்று கோப்பை மூடிவிட முடியும். அந்த எண்ணில் வழக்கறிஞரும் மருத்துவரும் குப்பை வண்டியோட்டியும் ஒரே குடும்பம். பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த ஆனந்த கிருஷ்ணன் 2024-இல் மறையும்வரை நாட்டின் பெருஞ்செல்வர் வரிசையில் முன்னணியில் இருந்தார். அந்தச் செல்வத்தால் சமூகத்தின் கணக்கு உயர்ந்தது, லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவரின் வாடகை குறையவில்லை. சீனர் பக்கமும் இதுதான் நிலை. இன்றும் புதுக்கிராமத்தில் தனியே மூப்படையும் சீனக் கிழவியை, சீனர் பணக்காரர் என்ற பொதுக்கூற்று அரசின் கண்ணிலிருந்தும் நம் கண்ணிலிருந்தும் அழித்துவிடுகிறது. இரு சமூகங்களை ஒப்பிடும்போது முதலில் காணாமல் போகிறவர்கள் இரு சமூகத்தின் ஏழைகளும்தாம்.

இவ்வளவு வரலாறும் தெரிந்த நமக்கு இன்று மற்றோர் ஒப்பீடும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. பழைய தோட்டங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறார்கள். நம் உணவகங்களில் இலை போடுகிறவர் தமிழ்நாட்டிலிருந்து முகவருக்குக் கடன்பட்டு வந்தவர். அவருடைய கடப்பிதழ் சில இடங்களில் முதலாளியின் இழுப்பறையில் இருக்கிறது, அப்படி வைத்திருப்பது சட்டவிரோதம் என்பது இருவருக்கும் தெரியும். அவர் ஓடிப்போய்விடுவார், அவர்களுக்கு இந்தச் சம்பளமே அதிகம், அந்த ஆட்களின் குணமே அப்படி என்று கல்லாவில் இருப்பவர் சொல்லும்போது, அவர் பேசுவது நம் தமிழில்தான், வாக்கியங்கள் துரையுடையவை. சீனரோடு நம்மை ஒப்பிட்டு வருந்தும்போது நாம் பாதிக்கப்பட்டவர்கள். கீழே நிற்பவரோடு நம்மை வைத்துப் பார்த்தால் நாம் கங்காணிகள். ஒரு சமூகம் எவ்வளவு தேறியது என்பதற்கு வருமானக் கணக்கு ஒரு சான்று. தன் பாட்டன் எந்த நிபந்தனையில் வந்தானோ அதே நிபந்தனையில் இன்னொருவனை வைத்துக்கொள்ள அது கூசுகிறதா என்பது அதைவிடக் கடினமான சான்று, அதை எடுக்கப் புள்ளிவிவரத் துறை வேண்டியதில்லை.