சம்பளம் தரும் சான்றிதழ்

"பையன் மாசம் எவ்வளவு வாங்குறான்?" நம் கல்யாண விருந்துகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். தொகை பெரிதென்றால் "கெட்டிக்காரன்" என்ற சான்றிதழும் கூடவே கிடைத்துவிடும். அந்தச் சான்றிதழ்மீதுதான் எனக்குச் சந்தேகம்.

இளம் வயதில் பெரிய சம்பளம் எப்படி வருகிறது? ஜொகூர் பாலத்தைக் கடந்தால் அதே வேலைக்குச் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம். ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். மென்பொருள் எழுதுபவரின் ஒரு மாத உழைப்பு ஒரு மில்லியன் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேரலாம். தாதியின் இரண்டு கைகள் ஓர் இரவில் ஒரு வார்டைத்தான் பார்க்க முடியும். சந்தை இந்த வீச்சுக்குத்தான் விலை போடுகிறது.

"நான் கஷ்டப்பட்டுத்தானே மாமா படிச்சேன்?" என்று கேட்கிறாள் சிங்கையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள். உண்மைதான், அவள் கண்விழித்துப் படித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மலேசியாவில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்த அடிப்படையில் ஜாகா வேலை பார்ப்பவர் பல இடங்களில் 12 மணி நேரம் நிற்கிறார். அவர் படுவதும் கஷ்டம்தானே? கஷ்டத்தை அளவுகோலாக வைத்தால் கணக்கு உதைக்கிறது.

பணத்தை வேண்டாமென்று சொல்ல நான் யார்? கல்விக்கடனும் வீட்டுத் தவணையும் தத்துவம் பேசி முடிக்கும்வரை காத்திருக்காது. சம்பளத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். கூடவே நீட்டப்படும் சான்றிதழை மட்டும் வாங்காமல் இருக்கலாம். அதை ஏற்றுக்கொண்டால், அந்த ஜாகாவின் தகுதியும் 1,700 ரிங்கிட்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும்.