வேண்டாம் என்பவனை எப்படிக் காப்பது?

பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி அந்த ஆயிரத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஈட்டிய பணத்தைக் கொண்டு, மகன் குடிப்பதற்காக ஊரெல்லாம் வாங்கிய கைமாற்றை அடைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவன் வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்லி வைப்பவர்களும் அவர்களே. தெருவில் விழுந்து கிடப்பவனை விடியுமுன் தூக்கி வருபவர்களும் அவர்களே. “பெத்த வயிறு கேக்குமா சாமி?” என்பார்கள். சிகிச்சைக்கு அழைத்தால் மட்டும் மகன் வரமாட்டான். தனக்கு நோயே இல்லை என்பான். கட்டித் தூக்கிக்கொண்டு போகலாமா, அல்லது கைகழுவி விடலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கடவுள் தந்த சுயவிருப்பத்தை மதிப்பதா, அவர் தந்த உயிரைக் காப்பதா என்ற பழைய கேள்விதான் அது.

குடியடிமையின் ‘வேண்டாம்’ என்ற சொல் முழுமையாக அவனுடைய சொல் அன்று. நோய் அவன் விருப்பத்தையே பாதி பிணித்து வைத்திருக்கிறது. ஆனால் மீதிப் பாதி உயிரோடு இருக்கிறது. நாம் செய்யும் உதவி அந்த மீதிப் பாதியை வளர்க்கிறதா, நசுக்குகிறதா என்பதே நம் உரைகல்லாக இருக்கவேண்டும்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் வழக்கத்திலுள்ள பல உதவிகள் தேறுவதில்லை. சோற்றிலோ குழம்பிலோ இரகசியமாக மருந்து கலந்து கொடுப்பது அவற்றுள் ஒன்று. டைசல்ஃபிரம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து இசைந்த பின்பே மருத்துவர் அதைத் தருவார். அன்பின் பெயரால் செய்தாலும் அது வஞ்சனைதான். வீட்டுச் சோற்றின்மேல் இருந்த கடைசி நம்பிக்கையையும் அது கெடுத்துவிடும். அறையில் பூட்டி வைப்பதும் அப்படியே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டொரு நாளில் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும். மருத்துவர் இல்லாத பூட்டிய அறை சிறைக்கூடம் மட்டுமல்ல, சவக்குழியும் ஆகலாம். இழுத்துச் சென்று கோவிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவதைப் பற்றி என்ன சொல்ல? அவனாக எடுக்காத சத்தியம் யாருடைய சத்தியம்?

மகனுக்காக அழுத தாய் என்றவுடன் நமக்குப் புனித மோனிக்கா நினைவுக்கு வருகிறார். அவர் கண்ணீரைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நாம், அவர் செய்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மகன் அகுஸ்தின் மானிக்கேயக் கொள்கையைத் தழுவி வந்தபோது, தம் வீட்டில் தங்கவும் தம்மோடு உண்ணவும் முதலில் அவர் அனுமதிக்கவில்லை. பின்னர் ஒரு கனவு கண்டு அவனை மீண்டும் பந்திக்குச் சேர்த்துக்கொண்டார். மகனோடு வாதாடித் திருத்துங்கள் என்று ஓர் ஆயரிடம் மன்றாடினார். அவரோ மறுத்துவிட்டார், தாமும் ஒருகாலத்தில் அக்கொள்கையில் இருந்து, தாமே படித்து வெளிவந்ததைச் சொல்லி, இப்போதைக்கு விட்டுவிடும்படி கூறினார். 383இல் மகன் தாயை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாக ரோமைக்குக் கப்பலேறினான். மோனிக்கா பின்தொடர்ந்தார், ஆனால் கட்டியிழுக்கவில்லை. 387இல் மிலானில் மகன் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில் அதே அகுஸ்தினார், தொனாத்துவாதிகளைக் கட்டாயப்படுத்தியேனும் உள்ளே கொண்டுவரலாம் என்பதற்கு லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்து உவமையைத் துணைக்கழைத்தார். தாம் வீடு திரும்பிய கதையை அப்போது மறந்தாரோ என்னவோ!

அடுத்த அதிகாரத்தையும் பாருங்கள். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போய்த் தோளில் சுமந்து வருகிறார்கள். காணாமற்போன காசை விளக்கேற்றித் தேடுகிறார்கள். மகனைத் தேடி மட்டும் தந்தை தொலைநாட்டுக்குப் போகவில்லை. ஆட்டுக்கும் காசுக்கும் இல்லாத விருப்பம் மகனுக்கு உண்டு. பஞ்சம் வந்தபோது அவர் அங்கே பணம் அனுப்பியதாகவும் இல்லை. ஆனால் அவன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவர் கண் வழியைவிட்டு அகலவில்லை என்று பொருள்.

இன்றைய ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சிகிச்சையை மறுத்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு அது. குடும்பமே கூடி நோயாளியை நேருக்குநேர் மடக்கிப் பேசும் முறையில் 30 விழுக்காட்டினரே சிகிச்சைக்கு வந்தனர். மற்றொரு முறையில் 64 விழுக்காட்டினர் வந்தனர். அந்த முறையில் சண்டையில்லை, கெஞ்சலுமில்லை. குடிக்காத பொழுதில் அன்பாகப் பேசி அருகில் அமர்வது. குடித்த பொழுதில் விலகிக்கொள்வது. குடியால் வந்த கடனையும் அவமானத்தையும் அவனே சந்திக்க விடுவது. மனம் இளகும் வேளைக்குச் சிகிச்சையை ஆயத்தமாக வைத்திருப்பது. இவற்றை வீட்டாருக்கு முறையாகக் கற்பித்தார்கள், அவ்வளவே. எனவே, அவன் கடனை அடைக்காதிருப்பது அவனைக் கைவிடுவதாகாது. சோறு போடுங்கள், காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள்.

ஆனால் காத்திருக்கக்கூடாத வேளையும் உண்டு. காய்கறி விளையும் நம் வட்டாரத்தில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாகப்போகிறேன் என்பவனிடம் அனுமதி கேட்டு நிற்பது அன்பாகாது. மருந்தை அப்புறப்படுத்த வேண்டும். தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், தீர்மானிக்க இயலாத கடும் நிலையில் இருப்பவரை, உரிய பிரதிநிதி விண்ணப்பிக்க, நிபுணர் இருவர் தனித்தனியே சோதித்தபின், 30 நாள் வரை சேர்க்க வழி தருகிறது. அடி உதைக்கு ஆளாகும் மனைவி பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் பாவமன்று. அவள் திருமண வாக்கில் அடிபட்டுச் சாகும் கடமை அடங்கவில்லை.

எல்லாம் செய்தும் சிலர் திரும்புவதில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாமோ என்ற கேள்வி கல்லறை வரை வருகிறது. சென்னையின் டி.டி.கே. குடும்பத்தில், வசதிக்கும் செல்வாக்கிற்கும் குறைவில்லாத வீட்டில், டி.டி. ரங்கநாதன் 1979இல் குடிநோயால் இளவயதிலேயே இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன் அடுத்த ஆண்டே அவர் பெயரில் குடிநோய்ச் சிகிச்சைக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கு நோயாளிக்கு மட்டுமன்றி, உடனிருந்து நொந்த குடும்பத்தாருக்கும் தனியே வகுப்பு உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலும் முகாம்கள் நடத்தினார்கள். நம் பங்குகளில் குடிப்பவனைப் பற்றி ஊரே பேசுகிறது. அவன் மனைவியும் தாயும் மட்டும் வெட்கத்தால் வாய்திறப்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவர்கள் ஒருவரோடொருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் அறை ஒதுக்க நமக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.