கண்ணை மூடாமல் பெறத்தக்க கொடை

இன்பம் துய்ப்பதும் ஈகை புரிவதும் ஒரே செயலில் கூடி நிற்க இயலுமா? இயலுமாயின், அச்செயலை அறம் என்பதா, பொழுதுபோக்கு என்பதா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வியை மேனாட்டாரின் புதிய வழக்கம் ஒன்று மீண்டும் நம் முன் கொணர்ந்து நிறுத்தியுள்ளது. பழைய கார்களைப் பாலைவனத்தின் ஊடே ஓட்டிச் சென்று, பயணத்தின் முடிவில் அவற்றை அறப்பணிக்கென்று விட்டுவருவதே அவ்வழக்கம்.

1978 டிசம்பரில் பாரிஸ் மாநகரிலிருந்து செனகல் நாட்டின் டக்கார் நகரை நோக்கி முதன்முதலாகப் புறப்பட்ட கார்ப் பந்தயம் உலகறிந்தது. பெரும் பொருட்செலவில் நடைபெற்ற அப்பந்தயத்தை எள்ளி நகையாடுவது போல, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலிருந்து வேறொரு பயணம் தொடங்கிற்று. நூறு பவுனுக்கு மேற்படாத பழைய வண்டியையே கொண்டுவர வேண்டும் என்பது அதன் தொடக்ககால விதி. மொராக்கோ, மேற்குச் சகாரா, மோரிட்டானியா, செனகல் வழியே மணலிலும் புழுதியிலும் உருண்டு, காம்பியாவின் தலைநகரான பஞ்சூலை அடையும் வண்டிகள் அங்கே ஏலம் விடப்படும். கிடைக்கும் தொகை அந்நாட்டின் அறப்பணிகளுக்குச் சேரும். காம்பியா முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் சிறு நாடு என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. நம் நாட்டிலும் கேரளத்தின் கொச்சிக்கும் தார்ப் பாலையிலுள்ள ஜெய்சல்மேருக்கும் இடையே ஆட்டோ ரிக்‌ஷாக்களை ஓட்டிச் சென்று அறநிதி திரட்டும் 'ரிக்‌ஷா ரன்' என்னும் பயணம் பன்முறை நடந்துள்ளது.

இதைக் கேட்டதும் நம்மவருள் பலர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாலைவனம் என்பது வேடிக்கை பார்க்கும் இடமன்று. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, வளைகுடா நாடுகளின் கொதிக்கும் சாலைகளில் லாரி ஓட்டி, இங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்த தந்தையர் நம்மிடையே உளர். பிழைப்புக்காகப் பாலையைக் கடந்தவர்க்கு, விளையாட்டுக்காக அதனைக் கடப்போரின் ஈகை போலியாகத் தோன்றுதல் இயல்பே. 'பெட்ரோலுக்கும் தங்கும் விடுதிக்கும் செலவிட்ட பணத்தை நேரே அனுப்பியிருந்தால் ஏழைகள் கூடுதலாகப் பயன் பெற்றிருப்பார்களே' என்ற வாதமும் எளிதில் தள்ளத் தக்கதன்று.

எனினும் இன்பம் கலந்தது என்ற ஒரே காரணத்தால் நற்செயலைத் தள்ளிவிட நம் மார்க்கம் கற்பிக்கவில்லை. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியையே இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் முகப்பில் வைத்தார்கள். ஆனால் மனித எண்ணம் பெரும்பாலும் கலவையாகவே இருக்கும் என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹஜ்ஜுப் பயணத்தில் வணிகம் செய்து பொருள் தேடுவது குற்றமாகாது என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் இசைவளிக்கிறது. மக்காவுக்குச் சென்ற ஒட்டகங்கள் ஹாஜிகளோடு சரக்கையும் சுமந்தன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எண்ணத்தையும் தூய்மையையும் பற்றித் தனி நூலே வகுத்து, பல நோக்கங்கள் கலந்த செயலில் எது மேலோங்கி நிற்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தைக் காண்கிறார்கள்.

இவ்வளவுகோலைப் பாலைப் பயணிக்கும் பொருத்தலாம். அவன் பயணத்தை விரும்புகிறான் என்பது குறையன்று. பயணமே முதல் நோக்கமாயிருக்க, ஏழையைக் காரணம் காட்டிப் புகழ் தேடுவானாயின் அங்கேதான் பொய் நுழைகிறது. 'ஊர் சுற்ற வந்தேன். வந்த வழியில் என் வண்டியையும் கொடுத்தேன்' என்று சொல்பவன் வாய்மையாளன். அவன் ஈகை சிறிதாயினும் மெய்யானது.

ஆனால் கொடுப்பவனின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்து நின்றுவிட்டால் கேள்வியின் பாதியைத்தான் கண்டவராவோம். கொடுக்கப்படும் பொருள் யாது? பெறுபவன் நிலை யாது? இதுவே மறுபாதி.

மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்சாரிகள் பழக்குலைகளைக் கொணர்ந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் தொங்கவிடுவர். திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் பசித்தபோது அதிலிருந்து உண்பர். சிலர் உலர்ந்து சுருங்கிய மட்டமான குலைகளையும் கொண்டுவந்து மாட்டினர். அந்நிலையிலேதான் கண்டிப்பான இறைவசனம் இறங்கிற்று என்பது பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள செய்தி. உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத பொருளைத் தானத்திற்கென்று நாடாதீர்கள் என்பதே அதன் கருத்து.

எத்துணை நுட்பமான அளவுகோல்! பழையது எல்லாம் மட்டமானது என்று இவ்வசனம் கூறவில்லை. பெறுபவன் கண்ணைத் திறந்தபடியே விரும்பி ஏற்பானா என்று மட்டுமே கேட்கிறது. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையை நாம் அறிவோம். பழைய மின்விசிறியும் பழைய நாற்காலியும் அங்கே விலையாகின்றன. வாங்குவோன் திருப்பிப் பார்க்கிறான், தட்டிப் பார்க்கிறான், பேரம் பேசுகிறான், பிடிக்காவிடில் நகர்ந்து விடுகிறான். பொருள் பழையது, ஆயினும் அவன் மானம் குறைவதில்லை. பஞ்சூலின் ஏலத்திலும் இதுவே நிகழ்கிறது. வண்டியின் முதுமையை எவரும் மறைப்பதில்லை. இயந்திரத்தைப் பார்த்து, தகுந்த விலை கொடுப்பவன் எடுத்துச் செல்கிறான். ஏழைக்குச் சேர்வது பணம். அதைக் கொண்டு தேவையானதைத் தேர்ந்துகொள்ள வழியுண்டு. விளையாட்டாகத் தொடங்கிய அப்பயணத்தில் நாம் மதிக்க வேண்டிய பகுதி இவ்வேற்பாடேயாகும்.

இதனினும் உயர்ந்த படியும் உண்டு. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் ஹிஜ்ரி 216, அதாவது கி.பி. 831-இல் மறைந்தார். கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைய அவர் வாரி வழங்கினார். ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைர், அந்நீர்நிலைகள் இல்லையேல் அப்பாதையே இல்லை எனும் அளவுக்கு அவற்றின் பயனைப் பதிவு செய்துள்ளார். பாலையைக் கடப்பவனின் தாகம் எங்கே மிகுமோ அங்கே கிணறு அமைந்தது. கொடுப்பவர் விருப்பம் அன்று, பெறுபவர் தேவையே இடத்தை வகுத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின் நாகப்பட்டினத்திற்கு வந்து குவிந்த பழந்துணிகளில் பெரும்பகுதி உடுத்துவாரின்றித் தெருவோரங்களில் கிடந்தது. அனுப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர், இரக்கமுள்ளவர்களே. ஆனால் அலமாரியைக் காலி செய்ததையும் ஆடையின்றி நின்றவர்க்கு ஆடை அளித்ததையும் அவர்கள் ஒன்றாகக் கருதிவிட்டனர்.

ரமளான் பிறந்ததும் ஜவுளிக் கடைகளில் 'ஜகாத் சேலை' என்று தனியே அடுக்கு ஒன்று தோன்றுகிறது. அடுத்த அடுக்கில் இருப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு. இந்த அடுக்கு ஏழைப் பெண்களுக்கு. ஜகாத் என்பது நாம் மனமிரங்கி அளிக்கும் பரிசன்று. நம் செல்வத்தில் ஏழைக்குள்ள உரிமை என்றே திருமறை அதனைக் குறிக்கிறது. கடனைத் திருப்பும்போது தேய்ந்த நாணயமாகப் பொறுக்கிக் கொடுப்பவனை நாணயமானவன் என்போமா?

பழைய காரில் சகாராவைக் கடக்கும் மேனாட்டு இளைஞனின் எண்ணத்தை அல்லாஹ்வே அறிவான். அதை நாம் அளக்க வேண்டியதில்லை. நாம் அளக்க வேண்டியது கடைக்காரர் நம் முன் விரித்துப் போடும் சேலையை. நம் மகளுக்கு அதனை எடுப்போமா? எடுக்க மாட்டோமெனில் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பணத்தை உரியவள் கையிலேயே சேர்ப்போம். அவள் கடைக்குச் சென்று, கண்ணைத் திறந்து பார்த்து, தனக்குப் பிடித்த நிறத்தைத் தானே எடுத்துக்கொள்ளட்டும்.