51 காசின் துல்லியம்

மறுக்கப்பட்ட பில் ஒன்று வசூல் ஆளிடம் போய்ச் சேரும்போது பெரும்பாலும் தொகைதான் போகிறது, மறுப்பு போவதில்லை. போஸ்ட்பெய்டு செல்போனுக்கும் பிராட்பேண்டுக்கும் இது பொது. வாடிக்கையாளர் கொடுத்த புகார், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு எண்ணாகக் கிடக்கிறது. நிலுவைத் தொகையோ கணக்குப் பிரிவிலிருந்து பட்டியலில் ஏறி வெளி ஏஜென்சி ஒன்றுக்குப் போய்விடுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையில் ஒரு பெயர், ஒரு போன் நம்பர், ஒரு தொகை. "சார், உங்க பேர்ல ஒரு அவுட்ஸ்டாண்டிங் இருக்கு" என்று ஆரம்பிக்கிறார். "அந்த பில்லே தப்புன்னு கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கேனே" என்றால், "அது எங்க சிஸ்டத்துல வராது சார், எப்ப கட்டுவீங்கன்னு சொல்லுங்க" என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. அவருடைய திரையில் அது உண்மையிலேயே இல்லை.

பில் தகராறு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நினைவுக்கு வந்து நச்சரிக்கும் வழக்கு ஒன்று உண்டு. குஜராத்தில் ஒருவர் தனியார் நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருந்தார். மாதத்துக்குச் சராசரியாக 555 ரூபாய் பில் வரும். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான காலத்துக்கு மட்டும் 24,609 ரூபாய் 51 காசு போடப்பட்டது என்பது அவருடைய முறையீடு. மற்ற விவரங்கள் மறந்துபோனாலும் அந்த 51 காசு மறப்பதில்லை.

2011 ஜூன் 30க்குப் பிறகு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆகவே 2013இல் அந்தத் தொகையைக் கையில் எண்ணிக் கட்ட வந்தால், கடைசி ஒரு காசுக்கு நாட்டில் நாணயமே இல்லை. செலுத்த முடியாத அந்தக் காசு பில்லில் எதற்கு? கணினி பெருக்கிக் கூட்டியதில் விழுந்த மிச்சம் என்பது எளிய விடை. ஆனால் படிப்பவர் மனத்தில் அது செய்யும் வேலை வேறு. வழக்கமான பில்லைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவே காசு சுத்தமாக எழுதப்பட்டால் 'இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்கள் தப்பாகவா போட்டிருப்பார்கள்' என்ற தயக்கம் வந்துவிடுகிறது. கூட்டல் சரியாக இருப்பதும் கணக்கு நியாயமாக இருப்பதும் ஒன்றல்ல. 51 காசு கூட்டலுக்கு மட்டும்தான் சாட்சி.

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைக்காரரிடம் ஒரு பேரேடு, வீட்டில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு நோட்டு. பிள்ளைகள் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியும் பருப்பும் வாங்கி வருவார்கள். கடைக்காரர் இரண்டிலும் எழுதுவார். மாதக் கடைசியில் தொகை இடித்தால், "அண்ணாச்சி, பதினாலாம் தேதி நாங்க ஊர்லயே இல்லையே" என்று அம்மா சொல்வார். இரண்டு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் விரியும். தவறு கடைக்காரர் பக்கமும் இருக்கும், சில மாதம் வீட்டுப் பக்கமும் இருக்கும். எதுவானாலும், எழுதியவரே எதிரில் நின்று விளக்கம் சொன்னார். அடித்துத் திருத்தும் உரிமையும் அவரிடமே இருந்தது. அந்த முறையிலும் கெடுபிடி உண்டு, அவமானம் உண்டு, தெருவறியக் கேட்ட கடைக்காரர்களும் உண்டு. ஆனால் கணக்கு எழுதியவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர் என்ற பிரிவு அங்கே இல்லை. இன்றைய வசூல் ஆளால் ஒரு வரியைக்கூட அடிக்க முடியாது. கேட்க மட்டுமே அவர் அனுப்பப்பட்டிருக்கிறார்.

கடன்பட்டவனின் மனக்கலக்கத்தை இராவணனின் கலக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் பாட்டு ஒன்று தமிழர் நாவில் இன்னும் இருக்கிறது. கம்பன் பாட்டு என்றே பலரும் சொல்வார்கள். கம்பராமாயணத்தில் அது இல்லை. யார் பாடியதாக இருந்தாலும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்ந்த சமூகத்தில் கடன் என்ற சொல்லுக்கே ஒரு கூச்சம் ஒட்டியிருக்கிறது. அந்தக் கூச்சம், கடன் உண்மைதானா என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. வாங்காத சேவைக்குப் பணம் கேட்டு ஒருவர் அலுவலக நேரத்தில் போன் செய்தால், கடனே படாதவரும் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுகிறார். வசூல் தொழிலின் பாதி பலம் இந்தத் தாழ்ந்த குரலில் இருக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. கடன் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ஆனால் அது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்த கடனுக்கானது. போன் பில் அந்த வட்டத்துக்குள் வராது. பில் பற்றிய சச்சரவுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிகள் வழி சொல்கின்றன: முதலில் புகார் மையம், அங்கே ஒரு புகார் எண், தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில் கட்டாதது சிவில் விவகாரம். அதை வசூலித்துக் கொடுப்பது போலீஸின் வேலையல்ல. பொதுவாக 3 ஆண்டுக்குள் நிறுவனம் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலத்துக்குள் வாடிக்கையாளரே பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சமாதானத்துக்காக எதையும் எழுதிக் கொடுக்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் வழி இருப்பதும் வழி நடக்கக்கூடியதாக இருப்பதும் வேறு வேறு. குஜராத்துக்காரரின் வழக்கை, 2009இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைக் காட்டி மாவட்ட நுகர்வோர் மன்றம் தள்ளிவிட்டது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி போன் பில் தகராறுகள் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. மாநில ஆணையம் அவர் பக்கம் நின்றது, தேசிய ஆணையமும் நின்றது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரி 16 அன்று, நுகர்வோர் மன்றம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. பில் போட்டு எட்டு ஆண்டுகள் கழிந்தபின் முடிவானது, எந்த வாசலில் நின்று கேட்கலாம் என்பது மட்டுமே. 51 காசு சரியா தவறா என்பது அந்தத் தீர்ப்பின் கேள்வியே அல்ல. அவர் பிடிவாதத்தால் நாட்டில் போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு வாசல் உறுதியானது. அதற்கு அவர் தந்த விலை அந்தப் பில்லைவிடப் பெரிது.

இங்கேதான் வாழ்க்கைக் கேள்வி நிற்கிறது. தவறான பில் இரண்டாயிரம் ரூபாய் என்றால், கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது சரியா? அப்படிக் கட்டுகிற ஒவ்வொருவரும், தவறான பில்லும் வசூலாகும் என்று அந்தப் பட்டியலுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அடுத்த அழைப்பு, வாதாடத் தெரியாத ஒரு பெரியவருக்குப் போகிறது. இப்படிப் பார்த்தால் கட்டக் கூடாது. ஆனால் வீட்டில் நோயாளி, கையில் நேரமில்லாத வேலை, தினமும் நாலு அழைப்பு என்று இருப்பவரிடம், ஊருக்காகப் போராடு என்று சொல்ல யாருக்கு உரிமை? போனின் மறுமுனையில் இருப்பவரும் மாத டார்கெட்டை எட்டினால்தான் சம்பளம் பார்ப்பவர். அவரிடம் கத்தித் தீர்ப்பதால் பில்லில் ஒரு காசும் குறையாது.

கட்டுவதா, எதிர்த்து நிற்பதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இருப்பதாகத் தெரியவில்லை. தொகை, உடல்நிலை, துணைக்கு ஆள் என்று பலவற்றைப் பொறுத்து அது மாறுகிறது. மாறாதது ஒன்றுண்டு: எந்த முடிவை எடுத்தாலும் அது கூச்சத்தில் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது. அழைப்பு வந்தால் பில்லின் நகலை எழுத்தில் கேளுங்கள், புகார் எண்ணைச் சொல்லுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். எழுந்து வராந்தாவுக்குப் போக வேண்டாம்.